பட்டியலில் இல்லாத புள்ளி

ஒன்று பத்துக்கு விண்வெளித் தொலைநோக்கி அடிவானத்துக்கு மேலே வரும், ஒன்று இருபத்தொன்றுக்குக் கீழே இறங்கிவிடும், நடுவில் கிடைக்கிற பதினோரு நிமிடத்தில் ஐந்து படங்கள் தரைக்கு வந்து சேர வேண்டும், மாதாமாதம் நடக்கிற கூத்துதான் இது, இதற்குப் போய் உள்ளங்கை ஏன் இப்படி வியர்க்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டு செண்பகவல்லி கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்த கை மறுபடியும் ஈரமானது. கட்டுப்பாட்டு அறையில் ஏசி பதினெட்டில் ஓடுகிறது, வியர்வைக்கு ஒரு நியாயமும் இல்லை. மேலே சுற்றுகிற கேமராவின் சில்லுக்கு இவள்தான் டாக்டர், கேன்டீனில்கூட அப்படித்தான் சொல்வார்கள். மைனஸ் எண்பது டிகிரி குளிரில் கிடக்கிற சில்லை மாதம் ஒரு நாள் அறை வெப்பத்துக்குச் சூடேற்றி, திரும்பக் குளிரவைத்து, ஷட்டரை மூடிக்கொண்டு இருட்டுக்குள் படமெடுத்து, அந்த இருட்டிலும் எரிகிற புள்ளிகள் எவை எவை என்று பட்டியல் போடுவது இவள் வேலை. பட்டியலில் ஏறிய புள்ளியை யாரும் நம்ப மாட்டார்கள், ஏறாத புள்ளியை எல்லோரும் நம்புவார்கள். இடப்பக்கத்து நாற்காலியில் தில்லைநாயகம் சார் மடியில் மைசூர்பாக் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். இன்னும் பதிமூன்று நாளில் ஓய்வு பெறப்போகிறவர். முப்பத்து நாலு வருஷம் அடுத்தவர்கள் கண்டுபிடிப்புக்கெல்லாம் படங்களைச் சுத்தம் செய்து கொடுத்தவர், போன வாரம்தான் முதல் தடவையாகச் சொந்தமாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். ஒரு குட்டி வால்மீன். மூன்று மணிக்கு அறிவிப்பு மெயில் வெளிநாட்டு மையத்துக்குப் போகிறது, போனால் அவர் பெயரையே அதற்கு வைப்பார்கள். அந்த வால்மீன் உட்கார்ந்திருக்கிற இடம் அறுநூற்றுப் பன்னிரண்டாவது வரிசை, முந்நூற்று நாற்பத்தேழாவது நிரல். ஷட்டர் மூடிய படத்திலும் அந்த இடம் எரிந்தால் அது வால்மீன் இல்லை, அடிபட்ட புள்ளி. எரியட்டும் என்று வேண்டிக்கொள்வதா எரியக் கூடாது என்று வேண்டிக்கொள்வதா என்று தெரியாமல் செண்பகம் திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"சிக்னல் புட்சாச்சு மேடம்" என்றார் டேனியல், கோலார் தங்கவயல்காரர், பணிமேசையில் இருபது வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து தோள் ஒரு பக்கம் சாய்ந்துபோனவர். முதல் படம் மேலிருந்து கீழாக, வரிசை வரிசையாக, விரிக்கிற பாயைப்போல இறங்கியது. இருட்டு, அதில் ஆயிரக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் மேல்நோக்கி மெல்லிய ஒரு கோடு. ஏவிய புதிதில் இந்தப் படம் எப்படி இருக்கும், துடைத்துவைத்த கரும்பலகை, அங்கொன்றும் இங்கொன்றுமாக நாற்பதோ ஐம்பதோ புள்ளிதான் இருந்தது, அதை எண்ணி முடித்துவிட்டு இவள் நான்கு மணி பஸ்ஸையே பிடித்துவிடுவாள். ஆறரை வருஷம் ஆகிவிட்டது. தென் அமெரிக்காவுக்குப் பக்கத்தில் கடலுக்கு மேலே பூமியின் காந்தக் கவசம் ஒரு இடத்தில் பள்ளம் விழுந்தாற்போல இருக்கிறது, அதைத் தாண்டுகிற ஒவ்வொரு முறையும் புரோட்டான்கள் சில்லுக்குள் பாய்கின்றன, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை, ஒழிவே கிடையாது. பாய்கிற ஒன்று சிலிக்கானில் ஒரே ஒரு அணுவை இடம் பெயர்த்துவிட்டுப் போகும். அவ்வளவுதான், ஒரே ஒரு அணு, அந்தக் காலி இடத்தில் எலக்ட்ரான் போய் மாட்டிக்கொள்ளும், கொஞ்சம் பொறுத்து வெளியே வரும், வரிசை அதற்குள் நகர்ந்துபோயிருக்கும், பிந்தி வந்தது வால் மாதிரி நீண்டு கிடக்கும். கோவில்பட்டியில் தண்ணீர் லாரி வருகிற நாளில் தெருவே வரிசையாக நின்று குடத்தைக் கை மாற்றும், ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சிந்தும், கடைசி வீட்டுக்குப் போகிற குடம் முக்கால்தான் இருக்கும், தெரு முழுக்க ஈரக்கோடு. கடைசி வீடு இவர்களுடையது. முக்கால் குடத்தை முழுக் குடம் என்று அம்மா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை, லாரிக்காரனிடம் போய்ச் சண்டை போடுவாள். அந்த அம்மாவின் மகள் ஆறு மாதமாக என்ன செய்துகொண்டிருக்கிறாள். அறுநூற்றுப் பன்னிரண்டாவது வரிசை வந்தது. செண்பகத்தின் கண் தானாக முந்நூற்று நாற்பத்தேழுக்குப் போனது. இருட்டு. நல்ல, சுத்தமான, ஒரு குறையும் சொல்ல முடியாத இருட்டு.

"ஒண்ணு க்ளீன்" என்றார் தில்லைநாயகம் சார், மூச்சை விட்டபடி. "இல்லையாம்மா?" "ஆமா சார்" என்றாள் இவள். ஆமா சார். லிஸ்ட்ல இல்ல சார். இரண்டும் உண்மைதான், ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது, அதுதான் இந்த நான்கு நாளாக உறுத்துகிறது. செவ்வாய்க்கிழமை டீ வந்த நேரம், சார் இவள் மேசைக்கே வந்தார், வழக்கமாகக் கூப்பிட்டு அனுப்புகிறவர் அன்றைக்குத் தானே வந்து நின்றார். "செண்பகம், ஒரு நிமிஷம்மா. அறுநூத்துப் பன்னெண்டாவது ரோ, முந்நூத்து நாப்பத்தேழாவது காலம். நல்ல இடந்தானே?" என்றார். தொலைநோக்கியை ஒரே திசையில் பிடித்துவைக்கிற சக்கரம் ஒன்று தேய்ந்துபோய் அது ஒரே இடத்தில் நிற்காமல் மெல்ல வழுக்குகிறது, அதனால் நட்சத்திரங்கள் சில்லின் மேல் நகரும், அடிபட்ட புள்ளி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். படங்களை நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பொருத்தி அடுக்கினால் தலைகீழாகத் தெரியும், நட்சத்திரங்கள் நிற்கும், புள்ளி ஓடும், ரயில் ஜன்னலில் ஒட்டிக்கிடக்கிற பூச்சி மரங்களைத் தாண்டி ஓடுவதுபோல. இதெல்லாம் அவருக்குத் தெரியாதா என்ன. தெரிந்துதான் கேட்டார். "இது ஓடுற வேகம் நம்ம வழுக்கலுக்கு நேர் எதிரா, அதே அளவா இருக்கும்மா. சந்தேகப்பட வேண்டியதுதான். அதான் உன்கிட்ட வந்தேன்." டீ தம்ளர் சூடாக இருந்தது. இவள் பட்டியலைத் திறந்தாள், தேடினாள், இல்லை. "லிஸ்ட்ல இல்ல சார்" என்றாள். "உன் லிஸ்ட்ல இல்லன்னா அப்பறம் என்ன" என்று சொல்லிவிட்டு அவர் போன நடை இருக்கிறதே, ஐம்பத்தொன்பது வயசு மனுஷன் தாழ்வாரத்தில் ஒரு காலைக் கொஞ்சம் தூக்கிவைத்து நடந்தார். அவர் திரும்பின பிறகுதான் அந்த எண் இவளுக்குள் உறைத்தது. இல்லை, அதுவும் பூசி மெழுகுகிற பேச்சு, அவர் சொன்னபோதே உறைத்தது, எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது, யாரென்று தெரிந்துவிடக் கூடாதே என்று அவசரமாகப் பட்டியலைத் திறந்தாள், அதுதான் நடந்தது. சார் போனபின் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய பக்கம், இவள் கையெழுத்து: 612, 347, விட்டு விட்டு எரிகிறது, ஏழு முறை.

"ரெண்டு" என்றார் டேனியல். இரண்டாவதிலும் அந்த இடம் இருட்டு. விட்டு விட்டு எரிகிறவைதான் மோசம். நிரந்தரமாக எரிகிற புள்ளியை ஒதுக்கிவிடலாம், சூடேற்றியதில் புண் ஆறிக் குணமானதை மன்னித்துவிடலாம், இந்த மூன்றாவது ரகம் மூன்று மாதம் பெட்டிப்பாம்பாகக் கிடக்கும், ஒருநாள் எழுந்து எரியும், மறுபடி படுத்துவிடும், ஏன் எழுந்தது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் முதல் வருஷமே இவளே ஒரு விதி எழுதிச் சுவரில் ஒட்டினாள், ஒரு தடவை விட்டு விட்டு எரிந்த புள்ளி எத்தனை நாள் அடங்கிக் கிடந்தாலும் பட்டியலைவிட்டு இறங்கக் கூடாது. ஆயுள் கைதிகள் என்று பெயர்கூட வைத்தாள். அப்புறம் மார்ச் வந்தது. மார்ச்சை நினைக்கக் கூடாது என்று இவள் நினைத்தாள், நினைக்கக் கூடாது என்பதற்குள்ளேயே அது முழுசாக வந்து உட்கார்ந்துகொண்டது. தொலைநோக்கியை இன்னும் மூன்று வருஷம் ஓட்டலாமா இல்லை நிறுத்திவிடலாமா என்று முடிவு செய்கிற குழு ஒன்று கூடியது, கெட்டுப்போன புள்ளிகள் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் மூப்படைந்த கருவி என்று எழுதிவிடுவார்கள், இவள் கணக்கு ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டில் நின்றது. பத்து லட்சத்துச் சொச்சம் புள்ளியில் வெறும் இரண்டு தம்பிடி வித்தியாசம். அப்போதும் தில்லைநாயகம் சார்தான் சொன்னார், அதட்டவில்லை, மிரட்டவில்லை, எப்போதும்போல மென்மையாக, "கொஞ்சம் பாரேம்மா, அடங்கிப்போனது ஏதாவது இருக்கும், மூணு மாசமா எரியாததை எதுக்கு வெச்சுக் கட்டிக்கிட்டு அழணும்" என்றார். ஆயுள் கைதிகளில் மூன்று மாதம் எரியாதவை நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில் விடுதலை செய்தாள். ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு, பூஜ்யம் புள்ளி ஒன்பது எட்டு ஆனது. குழு கையெழுத்துப் போட்டது, கேன்டீனில் கேசரி கிண்டினார்கள், இவளும் இரண்டு கரண்டி சாப்பிட்டாள்.

கேசரி நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்வதில் என்ன இருக்கிறது. சார் ஏமாற்றச் சொல்லவில்லை, கொஞ்சம் பார் என்றுதான் சொன்னார், பார்த்தது இவள், எடுத்தது இவள், விதி இவளுடையது. இப்போது வாயைத் திறந்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள், எப்போது எடுத்தாய் என்று கேட்பார்கள், மார்ச் என்று சொன்ன உடனே, குழுவுக்குக் கணக்குக் கொடுத்தவர் அவர்தானே, இந்த அறையில் எல்லோரும் அவர் பக்கம் திரும்புவார்கள், பதிமூன்று நாள் மிச்சமிருக்கிற மனுஷன் மேல் இரண்டு கல் ஒரே நேரத்தில் விழும். அதற்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று புதன்கிழமை இவள் தன்னிடம் சொல்லிக்கொண்டாள், வியாழக்கிழமையும் சொல்லிக்கொண்டாள், சொல்லச் சொல்ல அது வேறு யாரோ சொல்கிற மாதிரிக் கேட்டது. அவருக்காக ஒன்றுமில்லை. பயம். பச்சையான பயம். இருபத்தாறு வருஷ சர்வீஸில் இவள் எந்தக் கருவிக்குப் போட்ட பட்டியலையும் ஒருத்தர் திரும்பிச் சரிபார்த்ததில்லை, சரிபார்க்க ஆரம்பித்தால் இவள் யார். வீட்டுக்காரரிடம் மேலோட்டமாகச் சொல்லிப் பார்த்தாள், அவர் பல் தேய்த்துக்கொண்டே, "இன்னைக்கு எடுக்கிற படத்துல வந்துச்சுன்னா சொல்லு, வரலைன்னா பேசாம இரு, அதுவே தெரிஞ்சுக்கிடட்டும்" என்றார், அது என்றால் எது, தொலைநோக்கியா, கடவுளா, கேட்கவில்லை. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இவள் இன்று காலையில் பஸ் ஏறினாள். படத்தில் வந்துவிட்டால் சொல்ல வேண்டிய வேலையே கிடையாது, படமே சொல்லிவிடும், எல்லோரும் சேர்ந்து ஐயோ என்பார்கள், இவளும் அவர்களோடு சேர்ந்து ஐயோ என்று சொல்லிக்கொள்ளலாம், எரிந்துவிட்டது பாருங்கள் சார், இந்த மாதம்தான் கெட்டிருக்கிறது போல. அப்படி ஒரு வாக்கியத்தை இவள் தயாரித்தே வைத்திருந்தாள், இந்த மாதம்தான் கெட்டிருக்கிறது போல, பஸ்ஸில் மூன்று தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது படம் வந்தது. இருட்டு. எரி, என்று இவள் அந்தப் புள்ளியைப் பார்த்து மனசுக்குள் சொன்னாள். உனக்கு எவ்வளவு செய்திருக்கிறேன், எரிந்து தொலையேன்.

நான்காவது படம் பாதியில் நின்றது. "சிக்னல் கட் சார், பத்து செகண்டு" என்றார் டேனியல். பத்து நொடி. அந்தப் பத்து நொடியில் தில்லைநாயகம் சார் குனிந்து, இவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், "எங்க வீட்ல சுகந்தி இருக்காளே, நேத்து பாங்க்ல க்யூல நிக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு வந்திருக்கா, எங்க வீட்டுக்காரர் பேர்ல ஆகாசத்துல ஒண்ணு வருதுன்னு" என்று சிரித்தார். சிரிப்பில் வெட்கம் இருந்தது, பெருமையும் இருந்தது. செண்பகம் அவர் சட்டைப் பையைப் பார்த்தாள், பேனா மசி கசிந்து ஒரு நீல வட்டம், சுகந்தி மாமி இந்த மனுஷனை இப்படியேதான் ஆபீஸுக்கு அனுப்புவாள், அவரும் இப்படியேதான் வருவார். சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு, காதோடு காதாக. வாயைத் திறந்தாள், "சார்" என்றாள், படம் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது, அவர் திரும்பிக்கொண்டார். அறுநூற்றுப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. இருட்டு. அவர் விரல் மைசூர்பாக் டப்பாவின் மூடியைத் தட்டியது. ஐந்தாவது. இனி ஒன்றுதான். வழக்கத்துக்கு விரோதமாக இது வேகமாக இறங்கியது, அல்லது இவளுக்கு அப்படித் தோன்றியது, கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நினைப்பதற்குள் வரிசை தாண்டிவிட்டது, முந்நூற்று நாற்பத்தேழாவது இடத்தில் ஒன்றும் இல்லை, அக்கம்பக்கத்தில் எல்லாம் வாலோடு வெள்ளைப் புள்ளிகள் எரிகின்றன, அது மட்டும் அடங்கி, ஒழுங்காக, மார்ச்சில் இருந்த மாதிரியே கிடந்தது.

"அஞ்சும் க்ளீன். இனி என்ன சார், மூணு மணிக்கு அட்ச்சிடுங்க" என்று டேனியல் கை நீட்டினார். பின்னால் நின்றிருந்த நாலைந்து பேர் கை தட்டினார்கள். டப்பா திறந்தது. யாரோ இவள் கையிலும் ஒரு துண்டை வைத்தார்கள். நெய் விரலில் ஒட்டியது. தப்பித்தாய் என்று உள்ளே ஒன்று சொன்னது, தோள் இரண்டும் தானாகத் தளர்ந்தன, கால் விரல்கள் செருப்புக்குள் விரிந்தன, நான்கு நாளில் முதல் தடவையாக மூச்சு அடிவரை போனது. அந்தச் சுகம்தான் இவளைப் பயமுறுத்தியது. செவ்வாய்க்கிழமை பயம் வேறு, அது மாட்டிக்கொள்கிற பயம், இது அதைவிடக் கெட்டது, இப்படியே இருந்துவிட முடியும் என்கிற பயம். முடியும். ஒருத்தருக்கும் தெரியாது. பழைய நோட்டைக் கிழித்தால் அதுவும் இல்லை. புள்ளி தூங்குகிறது என்றால் ஆறிப்போய்விட்டது என்று அர்த்தமா, இல்லை, இவளைப்போல இதைத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே கிடையாது. இன்னும் இரண்டு மாதம் கழித்து எங்கேயோ ஒரு தேசத்தில் ஒருவன் தொலைநோக்கியைத் திருப்பி அந்த வால்மீனைத் தேடுவான், அங்கே ஒன்றும் இருக்காது, இரண்டு நாள் தேடுவான், அப்புறம் எழுதுவான், சிரித்துக்கொண்டு எழுதுவான், அப்போது சார் வீட்டில் ஓய்வில் இருப்பார், சுகந்தி மாமி பாங்க் க்யூவில் நிற்பாள். மைசூர்பாக்கை மேசையில் வைத்தாள். "சார், அனுப்பாதீங்க" என்றாள்.

குரல் தான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. மைசூர்பாக்குக்கு நீண்ட கைகள் நின்றன. "அது வால்மீன் இல்ல சார். விட்டு விட்டு எரியற பிக்சல். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஏழு தடவை எரிஞ்சிருக்கு, நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். இன்னைக்குத் தூங்குது, அவ்வளவுதான்." தில்லைநாயகம் சார் டப்பாவின் மூடியை மூடினார், சரியாக மூடவில்லை, மறுபடி அழுத்தி மூடினார். "நீ லிஸ்ட்ல இல்லன்னியேம்மா" என்றார். "லிஸ்ட்ல இல்ல சார். நான் எடுத்துட்டேன்." "எப்ப தெரியும் உனக்கு?" "செவ்வாய்க்கிழமை. நீங்க கேட்டப்பவே." செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று அவர் எண்ணுவது முகத்தில் தெரிந்தது. நான்கு நாள். அந்த நான்கு நாளும் இவள் அவரைத் தாழ்வாரத்தில் பார்த்திருக்கிறாள், குட் மார்னிங் சொல்லியிருக்கிறாள். அவர் இவளை ஒருதடவைகூட இப்படிப் பார்த்ததில்லை, வெறும் பார்வை, திட்டாத பார்வை, திட்டினால் தேவலாம்போல இருந்தது. அவருடைய போன் அடித்தது. சுகந்தி மாமிதான். எடுத்தார். "இல்ல சுகந்தி. அது இல்ல. ஆமா, இல்லதான். சாயங்காலம் வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டார். "எப்ப எடுத்தே?" என்று கேட்டார், குரல் மட்டும் கொஞ்சம் காய்ந்திருந்தது. செண்பகம் டேனியலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "என் தப்பு சார். என் ரூலை நானே மீறிட்டேன்." "அதைக் கேக்கல. எப்ப?" "மார்ச்ல" என்றாள்.

சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் திரும்ப மாட்டிக்கொண்டார். அவர் பேசாமல் எழுந்து போய்விடலாம், பதிமூன்று நாள்தான், மார்ச்சில் அவர் எடுக்கச் சொன்னது இவர்கள் இரண்டு பேருக்கும் மட்டுமே தெரியும், போகட்டும், போனால் போகட்டும் என்று செண்பகம் நினைத்தாள், அப்படி நினைத்ததே பொய் என்றும் அவளுக்குத் தெரிந்தது, அவர் போய்விட்டால் தாங்க மாட்டாள். அவர் எழுந்தார். கதவுப் பக்கம் போகவில்லை. சுவரோரம் இருந்த காலி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "டேனியல், மெயிலை டிலீட் பண்ணிடுங்க" என்றார். பிறகு இவளிடம், "மார்ச்ல எடுக்கச் சொன்னது நான்தான். அன்னிக்கு நானூத்துப் பன்னெண்டு எடுத்தோம், இது ஒண்ணு. மிச்சம் நானூத்துப் பதினொண்ணு எங்க எங்க இருக்கு? ஆறு மாசமா உன் லிஸ்ட்டை நம்பி எத்தனை பேரு அதை நட்சத்திரம்னு எழுதி அனுப்பியிருக்காங்க?" என்றார். இதை இவள் யோசிக்கவே இல்லை, நான்கு நாளாக ஒரே ஒரு புள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்தவள் மற்றதை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் நின்றவர்களில் ஒருத்தி, போன மாதம் கட்டுரை அனுப்பியவள், மெல்ல உட்கார்ந்தாள். "நோட்டைக் கொண்டு வாம்மா" என்றார் சார். செண்பகம் கைப்பையிலிருந்து அதை எடுத்து விரித்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு வெள்ளைத்தாளில் ஒன்று என்று எண் போட்டுவிட்டு, காத்திருந்தார். செண்பகம் முதல் வரியைப் படித்தாள்.